பத்துக் கொட்டைக்கு ஒரு பெட்டி

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் 'நூற்று ஐந்து' என்று சொல்லி எழுதச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி பலகையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 1005 என்று எழுதியிருந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "முதலில் நூறு எழுதினேன் டீச்சர், பக்கத்தில் ஐந்து எழுதினேன்" என்றாள். குரலில் துளியும் தயக்கமில்லை. கேட்டதை அப்படியே எழுதிய நிறைவு அவள் முகத்தில் இருந்தது.

விடை தவறு. ஆனால் அதை அழிப்பதற்கு முன் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் முன்னோர் எண்களை எழுதிய முறையும் ஏறக்குறைய இதேதான். பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. இருபத்து மூன்றை ௨௰௩ என்று எழுதினார்கள்: இரண்டு, பத்து, மூன்று. நூற்று ஐந்து ௱௫. வாய் சொல்வதைக் கை அப்படியே எழுதும். பூஜ்ஜியத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஓலையும் கல்வெட்டும் இந்த முறையில் பல நூற்றாண்டுகள் கணக்கு வைத்தன. அந்தச் சிறுமி தன் காதுக்கு உண்மையாக நடந்துகொண்டாள். நாம் இன்று எழுதும் முறை காதுக்கு உண்மையானதன்று. 'நூறு' என்ற சொல்லை அது எழுதுவதில்லை; ஓர் இலக்கத்தை மூன்றாவது இடத்தில் வைத்துவிட்டு, இதை நூறு என்று புரிந்துகொள் என்கிறது. ஏழு வயதுக் குழந்தையிடம் நாம் எதிர்பார்ப்பது சிறிய விஷயமன்று.

இலக்கம் இருக்கும் இடத்தை வைத்து அதன் மதிப்பைச் சொல்லும் இந்த முறைக்குத்தான் இட மதிப்பு என்று பெயர். அதில் இரண்டு கருத்துகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, பத்தைச் சேர்த்து ஒன்றாக்குவது. பத்து ஒன்றுகள் ஒரு பத்து, பத்துப் பத்துகள் ஒரு நூறு. மற்றொன்று, அந்த ஒன்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்தே அதன் அளவைச் சொல்வது. கி.பி. 499-ஐ ஒட்டிய கணித வானியல் நூலான ஆரியபட்டீயம், இடத்துக்கு இடம் பத்து மடங்கு என்று இதைச் சில சொற்களில் முடித்துவிட்டது. வகுப்பறையில் நாம் செய்யும் பிழை, முதல் கருத்து கைக்கு வருவதற்கு முன்பே இரண்டாவதற்குத் தாவிவிடுவதுதான். நூறு, பத்து, ஒன்று என்பதைச் சுருக்கி 'நூ, ப, ஒ' என்று மூன்று கட்டம் போட்டு, 47-ஐ அதில் நிரப்பி, 4-இன் முக மதிப்பு 4, இட மதிப்பு 40 என்று சொல்லிக்கொடுக்கிறோம். குழந்தையும் ஒப்பித்துவிடும். இடப்பக்கம் இருந்தால் பின்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகாது. தேர்வில் மதிப்பெண் வந்துவிடும். நாற்பது என்ற அளவு மட்டும் மனதில் வந்திருக்காது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயிடம் பயின்ற கல்வியாளர் கான்ஸ்டன்ஸ் காமி அமெரிக்கப் பள்ளிகளில் செய்து பார்த்தது அது. பதினாறு வில்லைகளைக் குழந்தையின் முன் வைத்து, 16 என்று எழுதிக் காட்டினார். இந்த 6 எந்த வில்லைகளைக் குறிக்கிறது என்று கேட்டால் ஆறு வில்லைகளைக் காட்டினார்கள். இந்த 1 எதைக் குறிக்கிறது என்று கேட்டால், முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளில் மிகப் பலர் ஒரே ஒரு வில்லையைக் காட்டினார்கள். மிச்சம் ஒன்பது வில்லைகள் எந்த இலக்கத்துக்கும் சேராமல் மேசையில் கிடப்பது அவர்களை உறுத்தவே இல்லை. புளியங்கொட்டையை வைத்து நம் குழந்தைகளிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். இட மதிப்பு அட்டவணையைப் பிழையில்லாமல் நிரப்பும் பிள்ளை ஒற்றைக் கொட்டையை எடுத்து நீட்டும்போது நமக்குத்தான் நெஞ்சு திக்கென்றிருக்கும்.

இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய துணை. பதினாறு என்ற சொல்லில் பத்தும் இருக்கிறது, ஆறும் இருக்கிறது. அதுவும் எழுதும் வரிசையிலேயே இருக்கிறது. இருபது என்றால் இரு பத்து, ஐம்பது என்றால் ஐந்து பத்து. ஆங்கிலத்தில் எண் கற்கும் குழந்தைக்கு இந்த வசதி கிடையாது. லெவன், ட்வெல்வ் என்ற சொற்களுக்குள் பத்து தெரியவே தெரியாது. சிக்ஸ்டீனில் ஆறு முன்னால் வந்துவிடும். தர்ட்டீனுக்கும் தர்ட்டிக்கும் காதில் வேறுபாடு பிடிபடுவதே கடினம். ஆங்கிலவழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்களை வேண்டுமானால் சொல்லிக்கொடுங்கள்; பத்தும் மூன்றும் பதின்மூன்று என்பதைத் தமிழில் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். வீட்டு மொழி இலவசமாகக் கொடுக்கும் உதவியை வகுப்பறை வாசலில் விட்டுவிட்டு வருவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

அதே தமிழில் ஒரு வழுக்குப் பாறையும் உண்டு. எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் 'எண்பத்துப் பத்து' என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருபது முதல் எண்பது வரை எல்லாம் '-பது' என்று முடிய, அடுத்தது மட்டும் தொண்ணூறு என்று நூறின் சாயலில் ஒலிக்கிறது. தொள்ளாயிரமோ ஆயிரத்தின் சாயலில் ஒலிக்கிறது. '-பது' என்ற முடிவு இங்கே ஒன்பதுக்குப் போய்விட்டது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற பழைய பெயர் ஒன்று உண்டு. தொல்காப்பியத்திலும் பரிபாடலிலும் அது வருகிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு, ஒன்பதும் நூறும் சேர்ந்து தொள்ளாயிரம் என்று நன்னூல் இதற்குத் தனி விதியே வகுத்திருக்கிறது. இலக்கணத்துக்கே தனி விதி தேவைப்பட்ட இடத்தில் குழந்தை தடுமாறினால் வியப்பென்ன? தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதும் கை கவனக்குறைவான கையன்று. ஆகவே என் வகுப்பில் முதல் சில மாதங்கள் தொண்ணூறுக்கு 'ஒன்பது பத்து' என்ற செல்லப் பெயரும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்வோம்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். விளையாட்டு முறையில் இட மதிப்பு என்ற பெயரில் நிறையப் பொருட்கள் கிடைக்கின்றன. விண்வெளிப் படம் போட்ட அட்டை, கடற்கன்னி படம் போட்ட அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு எண். சரியான கட்டத்தில் ஒட்டினால் ஒரு நட்சத்திரம். பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகளும் ஆசையாகச் செய்வார்கள். ஆனால் அந்த ராக்கெட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் இருப்பது பழைய பயிற்சித் தாள்தான். அந்தக் கதையில் பத்துக்கு ஒரு வேலையும் இல்லை. கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்வேன்: இந்தக் கதையில் பத்து சேர்ந்தால் ஏதாவது நடந்தே தீர வேண்டுமா? நடக்காவிட்டால் ஆட்டம் நின்றுபோகுமா? போகும் என்றால் எடுத்துக்கொள்ளலாம்.

கடை விளையாட்டு அப்படிப்பட்டது. வேண்டிய பொருட்கள்: காலித் தீப்பெட்டிகள், புளியங்கொட்டைகள், பத்துப் பெட்டிகள் அடுக்கும் அளவுக்கு ஓர் அட்டைத் தட்டு. பத்துக் கொட்டை போட்டால் தீப்பெட்டி கிட்டத்தட்ட நிறைந்துவிடும் என்பது தற்செயலாகக் கிடைத்த நன்மை. (பல்லாங்குழிக்குப் பயன்படுத்தும் குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அந்த விதை நஞ்சு. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.) ஒரு குழந்தை கடைக்காரர், ஒருவர் கணக்குப்பிள்ளை, ஒருவர் மேற்பார்வையாளர், மற்றவர்கள் வாடிக்கையாளர்கள். சட்டம் ஒன்றுதான்: சில்லறைத் தட்டில் ஒருபோதும் பத்துக் கொட்டை இருக்கக் கூடாது. பத்தாவது கொட்டை விழுந்த உடனே பெட்டியில் போட்டு மூடிவிட வேண்டும். பத்துப் பெட்டி சேர்ந்தால் அட்டைத் தட்டில் அடுக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். மேற்பார்வையாளர் வரும்போது சில்லறையில் பத்து கிடந்தால் கடைக்காரர் பதவி கைமாறிவிடும். அந்தப் பதவியைக் காப்பாற்ற இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படும் பாட்டை நேரில் பார்க்க வேண்டும்.

முதலில் கொள்முதல். பிள்ளைகள் கைப்பிடியாகக் கொட்டைகளைக் கொண்டுவந்து போடுவார்கள். எண்ணி, பெட்டியில் அடைத்து, கணக்குப்பிள்ளை எழுதுவார்: நான்கு பெட்டி, இரண்டு சில்லறை. இப்படிச் சொல்லாகவே எழுதட்டும், அவசரப்பட வேண்டாம். சில நாள் கழித்து 'பெட்டி', 'சில்லறை' என்று தலைப்பிட்டுக் கட்டம் போட்டுக்கொள்வார்கள். பிறகு தலைப்பை எழுதச் சோம்பல் பட்டு விட்டுவிடுவார்கள். அப்போது நோட்டில் மிஞ்சுவது 42. அந்தச் சோம்பலை நான் ஆவலோடு எதிர்பார்த்துக் காத்திருப்பேன். இட மதிப்புக் குறியீட்டை அந்தக் குழந்தை தானே கண்டுபிடித்த நாள் அதுதான்.

அடுத்தது விற்பனை. கையில் 42 இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் 17 கேட்கிறார். கடைக்காரச் சிறுவன் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டான். ஏழு சில்லறை கொடுக்க வேண்டும். தட்டில் இருப்பது இரண்டு. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வாடிக்கையாளரிடம், "ஏழு இல்லை, இரண்டு போதுமா?" என்று பேரம் பேசிப் பார்த்தான். அவள் அசையவில்லை. பிறகு மெதுவாக ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, என்னைத் திரும்பிப் பார்த்து, "இதைத் திறக்கலாமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. திறந்து தட்டில் கொட்டினான். பன்னிரண்டு. ஏழு கொடுத்தான், ஐந்து மிச்சம். பெட்டி இரண்டு. கணக்குப்பிள்ளை 25 என்று எழுதிவிட்டு அடுத்தவரை வரச் சொன்னாள். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று எழுதும் பழக்கம் அந்தச் சிறுவனுக்கு இருந்தது. கடையில் அப்படிச் செய்ய வழியே இல்லை. வாடிக்கையாளரிடமிருந்து கொட்டையைப் பிடுங்கியா கழிக்க முடியும்?

இதே கணக்கைப் பலகையில் செய்யும்போது நாம் 'கடன் வாங்குதல்' என்கிறோம். அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே யாரும் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கினேன், அது எப்படி இங்கே பத்தாயிற்று என்று ஒரு குழந்தை கேட்டால் அந்தச் சொல்லிடம் பதில் இல்லை. நம் பாடநூல்கள் 'இனமாற்றம்' என்ற சொல்லை வைத்திருக்கின்றன. பொருத்தமான சொல், குழந்தையின் வாய்க்குத்தான் கொஞ்சம் கனம். கடைத்தெருவில் எல்லோரும் சொல்வது 'சில்லறை மாற்றுவது'. பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து ஒரு ரூபாய் நாணயம் பத்து வாங்கினால் பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பது பெட்டிக்கடைக்குப் போய் வரும் எந்தக் குழந்தைக்கும் தெரியும். கழித்தலில் நடப்பது முழுக்க முழுக்க அதுவே. கூட்டலில் அதன் மறுபக்கம், சில்லறையைக் கொடுத்து நோட்டு வாங்குவது. கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலையை நாடு முழுவதும் அளந்து பார்க்கும் ஏசர் (ASER) ஆய்வுக்காரர்கள் கிராமங்களில் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்கும் கழித்தல் கணக்கும் இனமாற்றம் வேண்டியிருக்கும் ஈரிலக்கக் கணக்குதான். கழித்தல் தெரியவில்லை என்று நாம் பதிவு செய்வதில் ஒரு பெரிய பங்கு, பெட்டியைத் திறக்கலாம் என்று தெரியாததுதான்.

பெட்டிக்குப் பதிலாக முதலிலேயே ரூபாய் நோட்டை வைத்து விளையாடலாமே என்று கேட்பார்கள். விளையாடலாம், ஆனால் பிறகு. நூறு ரூபாய் நோட்டு ஒரு ரூபாய் நாணயத்தைவிட நூறு மடங்கு பெரிதாக இருப்பதில்லை. அதற்கு நூறு மதிப்பு என்பது ஊர் ஒப்புக்கொண்ட பேச்சு. தீப்பெட்டியில் சந்தேகம் வந்தால் திறந்து எண்ணிப் பார்க்கலாம். நோட்டைத் திறக்க முடியாது. அளவு கண்ணுக்குத் தெரியும் பொருள் முன்னால், அடையாளம் மட்டுமே ஆன பொருள் பின்னால் என்ற வரிசை இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் கருவிகளிலும் இருக்கிறது. அவருடைய தங்க மணிகளில் ஒன்று ஒரு மணி, பத்து ஒரு கோல், நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனசதுரம். ஆயிரத்தைக் கையில் எடுக்கும் குழந்தைக்கு அதன் கனம் உறைக்கும். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த மாண்டிசோரி, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி, அடையாறிலும் கொடைக்கானலிலும் இருந்து வேலை செய்தார். அந்த மணிகள் நமக்கு அயல்நாட்டுச் சங்கதியல்ல. விலைதான் எட்டாது, புளியங்கொட்டைக்கு விலையில்லை.

ஒரு எச்சரிக்கை. சந்தையில் கட்டு என்பதெல்லாம் பத்து கிடையாது. வாழைப்பழம் டஜன் கணக்கு, முட்டை அட்டையில் முப்பது, பொங்கல் கரும்பு பல இடங்களில் கட்டுக்கு இருபது. கடை என்ற கதைக்குள் இவற்றையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டால் பத்தின் தனித்தன்மை கரைந்துவிடும். மாத்திரை அட்டை பெரும்பாலும் பத்துதான், ஆனால் மாத்திரையை விளையாட்டுப் பொருளாக்க எனக்கு மனம் வராது.

கடைக்கு வெளியே எனக்கு மிகவும் பிடித்தது கோலம். பத்துப் புள்ளி, பத்து வரிசை, நேர்ப்புள்ளி. மார்கழியில் வாசலில் வைப்பதுதான். பள்ளி முற்றத்தில் சுண்ணக்கட்டியால் வைத்துக்கொள்ளலாம். நூறு புள்ளிகள் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். இப்போது ஒருவர் எண் சொல்ல வேண்டும், மற்றவர் அத்தனை புள்ளிகளை வளைத்துக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் 34 என்றால் ஒவ்வொரு புள்ளியாக முப்பத்து நான்கையும் எண்ணுவார்கள். எண்ணட்டும். நேரம் குறித்தால்தான் மாற்றம் வரும்: வகுப்பே சேர்ந்து பத்து எண்ணி முடிப்பதற்குள் வளைக்க வேண்டும். அப்போது ஒரு குழந்தை மூன்று வரிசைகளை ஒரே இழுப்பில் வளைத்து, நான்காவது வரிசையில் நான்கு புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு எழுந்துவிடும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அடுத்த முறை அப்படியே செய்வார்கள். தொண்ணூறு என்பது நூறுக்குப் பக்கத்து வீடு, நூறைத் தாண்டியது அன்று என்பதும் இங்கே கண்ணால் தெரிகிறது. கடைசி ஒரு வரிசை மட்டும் வெறுமையாக நிற்கும்.

எண்ணட்டை விளையாட்டு ஒன்றும் உண்டு. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இது இடத்தை வைத்து அளவைச் சொல்லும் இரண்டாவது கருத்துக்கு மட்டுமே உதவும். 0 முதல் 9 வரை அட்டைகள் கவிழ்த்து வைத்திருக்க, இரண்டு குழுக்கள் மாறிமாறி ஒவ்வோர் அட்டையாக எடுத்து நூ, ப, ஒ கட்டங்களில் வைக்க வேண்டும். வைத்ததை மாற்றக் கூடாது. பெரிய எண் கிடைத்த குழு தன் விளையாட்டுத் தேரை ஓர் அடி இழுக்கும். முதல் அட்டையே 5 வந்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்று குழு தலையைச் சொறிந்துகொள்ளும் அந்த அரை நிமிடம் விலைமதிப்பற்றது. கொட்டையும் பெட்டியும் பழகாத குழந்தையிடம் இதைக் கொடுத்தால் இடப்பக்கம் பெரிய இலக்கத்தை வை என்ற சூத்திரத்தோடு நின்றுவிடும்.

பூஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 105-இல் நடுவில் இருப்பது 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு, அதையும் எழுத வேண்டும் என்கிறோம். ஒன்றுமில்லாததை ஏன் எழுத வேண்டும்? குழந்தையின் கேள்வி நியாயமானது. கடையில் இதற்கு விடை கிடைக்கிறது. உள்ளே ஓர் அட்டைத் தட்டு நிறைந்திருக்கிறது, சில்லறைத் தட்டில் ஐந்து கொட்டை, பெட்டி வைக்கும் பலகை காலி. கணக்குப்பிள்ளை 15 என்று எழுதினால் மறுநாள் வரும் கடைக்காரர் எதை நம்புவார்? பெட்டி இல்லை என்பதும் கணக்குதான். 1005 எழுதிய சிறுமிக்கு இதோடு அடுக்கு அட்டைகளும் கொடுத்தேன். 100 என்று எழுதிய நீள அட்டை ஒன்று, 5 என்று எழுதிய சிறிய அட்டை ஒன்று. சிறியதை நீள அட்டையின் வலது ஓரத்தில், கடைசிப் பூஜ்ஜியத்தின் மேல் வைக்க வேண்டும். 105 என்று தெரியும். 5-ஐத் தூக்கினால் அடியில் 100 அப்படியே இருக்கும். அவள் அந்தச் சிறிய அட்டையைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நூறு காணாமல் போகவில்லை என்று உறுதிசெய்துகொள்ள அவளுக்கு ஒரு பாடவேளை தேவைப்பட்டது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கையால் செய்து கற்பது புதிதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் போனது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாடலும் ஆடலும் பொருட்களுமாகப் பாடம் நடத்தச் சொல்கிறது. இவற்றில் நல்லது நிறைய. என் கவலை நேரத்தைப் பற்றியது. பெட்டியைத் திறக்கலாமா என்று ஒரு சிறுவன் தானே கேட்பதற்கு இருபது நிமிடம் ஆகலாம். அடுத்த செயல்பாட்டுக்கு மணி அடித்துவிட்டால் ஆசிரியரே திறந்து காட்டிவிடுவார். விளையாட்டு நடந்ததாகப் பதிவேட்டில் இருக்கும். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வராது. குறைந்தபட்சம் ஒரே விளையாட்டை மாதக்கணக்கில் தொடர அவருக்கு உரிமை இருக்க வேண்டும். வாரம் ஒரு புதுக் கருப்பொருள் என்பது பார்வையாளர்களுக்குச் சுவை. குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் புதுச் சட்டம் கற்கும் சுமை.

பொருட்களை எப்போது எடுத்துவிடுவது என்பதைக் குழந்தையே சொல்லும். பெட்டியைத் திறக்காமலே "இதில் பத்து, இதில் பத்து" என்று விரலால் தொட்டு எண்ணத் தொடங்கும். பிறகு பெட்டிக்குப் பதில் சதுரமும் கொட்டைக்குப் பதில் புள்ளியும் நோட்டில் வரையும். அதற்கும் பிறகு இலக்கம் மட்டும் போதும். இதில் அவசரப்படுத்தினால் திரும்ப வர வேண்டியிருக்கும். மேல் வகுப்புகளில் வந்து நிற்கும் தசமப் புள்ளியும் இதே பத்தை நம்பித்தான் இருக்கிறது. அங்கே பெட்டியைத் திறப்பதற்குப் பதில் கொட்டையையே பத்தாக நறுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு மூன்றாம் பருவத்தில் எங்கள் பிள்ளைகள் ஆயிரம் சேர்ப்பது என்று கிளம்பினார்கள். வீட்டுக்கு வீடு புளி உடைக்கும் பங்குனி மாதம்; கொட்டைக்குப் பஞ்சமில்லை. தீப்பெட்டிதான் கிடைக்கவில்லை. தேநீர்க் கடைகளில் கேட்டு வாங்கி ஒருவழியாக நூறு பெட்டிகள் சேர்ந்தன. பத்துத் தட்டுகளையும் வகுப்பறைத் தரையில் வரிசையாக வைத்தபோது, 1005 எழுதிய அந்தச் சிறுமி தட்டுகளின் ஓரமாகக் கடைசிவரை நடந்து போனாள். பிறகு கையிலிருந்த ஐந்து கொட்டைகளைத் தரையில் தனியாக வைத்துவிட்டு, "இப்போதுதான் டீச்சர் ஆயிரத்து ஐந்து" என்றாள்.